முன்வரிசையில் ஒரு துடக்குக்காரர்

மீசை இல்லாத முகத்தோடு ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போவது எப்படி என்று பஞ்சலிங்கம் கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மீசை போய் இரண்டு கிழமை. அண்ணர் கனகலிங்கம் செத்துப்போனார். கலியாணம் கட்டாத மனிதர், பிள்ளை குட்டி இல்லை, ஆகவே கொள்ளி வைக்கும் வேலை தம்பியின் தலையில் விழுந்தது. கொள்ளி வைக்கிறவர் மீசையை வழித்தாக வேண்டும். அறுபதை எட்டிப் பார்க்கும் ஒருவர் மீசையில்லாமல் நீர்வேலிச் சந்திக்குப் போனால், எதிரே வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, குரலைத் தாழ்த்தி, "ஆர் மோசம்?" என்று கேட்பார்கள். செத்தவீட்டை முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிவதுபோலத்தான்.

போதாக்குறைக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. கலியாண வீட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாது. நல்ல காரியம் எதிலும் கை வைக்கக் கூடாது. பாட்டுக் கச்சேரியைப் பற்றி முன்னோர்கள் தனியாக ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. துடக்கு வீட்டுக்காரன் பாட்டுக் கேட்கப் புறப்படுவான் என்று அவர்களுக்குத் தோன்றியிராது.

ஆனால் அண்ணர் கேட்டுவிட்டல்லவா போனார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமில்லை. குரலில் மட்டும் பிடிவாதம் இருந்தது.

"அந்தப் பிள்ளை நல்லூரிலை பாட்டுப் படிக்குது. முதல் முதலாச் சனத்துக்கு முன்னாலை நிண்டு படிக்கப் போகுது. நான் போகேலாமல் போனால் நீ போ."

"நீங்கள் எழும்பி வாங்கோ அண்ணை. இரண்டு பேருமாப் போவம்."

"சொல்லுறதைக் கேள். பின்னுக்கு நிண்டிட்டு வராதை, முன்னுக்கு இரு. கிணத்தடி இதரை வாழையிலை ஒரு சீப்பு வெட்டிக் கொண்டுபோய்க் குடு. நல்லாப் படிச்சாய் பிள்ளை எண்டு சொல்லு. சத்தியம் பண்ணு."

வாழைக்குலையின் விலையைத் தவிர வேறெதைப் பற்றியும் தொடர்ந்து நாலு வசனம் கதைத்தறியாத மனிதர். அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்ததே பஞ்சலிங்கத்தைப் பயப்படுத்தியது. சத்தியம் பண்ணினார். அடுத்த நாள் விடிய அண்ணர் இல்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் மதுஷா. பட்டினத்து வேதக்காரப் பிள்ளை, அதாவது கிறிஸ்தவம். தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, கிற்றாரைத் தட்டிப் பாடி யூரியூப்பில் போடுகிறவள். அண்ணர் தோட்டத்துப் பம்ப் அறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு இருந்து அவளுடைய பாட்டுகளைக் கேட்பார். காதுக்குள் வைக்கும் வயரில் ஒரு பக்கத்தைத் தம்பிக்கும் கொடுப்பார். வாய்க்காலில் தண்ணீர் கரையை உடைத்துப் பாய்ந்தாலும் பாட்டு முடியுமட்டும் எழும்ப மாட்டார். போனைத் திறந்தால் முதலில் வருவது முருகன் இல்லை, மதுஷாவின் படம்.

அதுதான் செத்தவீட்டில் வினையாகிப் போனது. யாரோ நேரம் பார்க்க அண்ணரின் போனை எடுத்தார்கள். அது கைமாறிக் கைமாறிப் பந்தலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அறுபது தாண்டிய பிரமச்சாரியின் போனில் இருபது வயசுப் பெட்டையின் படம். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கொஞ்சம் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஊரில் தெரியாத சனமும் வந்து வேலிப் படலைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனது.

பஞ்சலிங்கத்தின் மனைவி குணலட்சுமி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "கொண்ணருக்குக் கடைசிக் காலத்திலை விசர். உந்தக் கதையை இனி ஒருத்தரும் கதைக்கக் கூடாது." அதற்குப் பிறகு எல்லோரும் அதைத்தான் கதைத்தார்கள்.

தகப்பன் இல்லாத வீட்டில் தன்னைத் தூக்கி வளர்த்த அண்ணரை நினைத்துப் பஞ்சலிங்கம் வெட்கப்பட்டார். வெட்கப்பட்டதை நினைத்து இரவில் நித்திரை இல்லாமல் கிடந்தார். சத்தியத்தையாவது காப்பாற்றினால் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தார்.

முதலில் மீசை. அலுமாரியைக் கிளறியபோது கொரோனாக் காலத்து முகக்கவசம் ஒன்று அகப்பட்டது. கட்டிப் பார்த்தார். மீசை இருக்கிறதா இல்லையா என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. ஒரு பிரச்சினை தீர்ந்தது என்று திரும்பினால் வாசலில் குணலட்சுமி.

"எங்கை வெளிக்கிட்டியள்?"

"கீரிமலை அந்தியேட்டிக் கிரியை அலுவலாய் ஐயரோடை கதைச்சுப்போட்டு வாறன்."

"முகத்திலை என்ன?"

"தூசி."

"பைக்குள்ளை?"

பைக்குள் கிணற்றடி இதரை ஒரு சீப்பு இருந்தது. உரப்பையை வெட்டி அண்ணர் தன் கையாலே தைத்த நீலப் பை. பழுத்த இதரையின் வாசம் வீட்டையே தூக்கியது, மறைக்க வழியில்லை.

"ஐயருக்கு."

"துடக்கு வீட்டிலையிருந்து ஐயருக்கு வாழைப்பழமோ?"

"ஐயருக்கில்லை. ஐயற்றை மாட்டுக்கு."

கொள்ளி வைத்த மனிதருக்கு மனம் குழம்பியிருக்கும் என்று குணலட்சுமி நினைத்தாளோ என்னவோ, வழி விட்டாள். "கெதியா வாங்கோ. பின்னேரம் ஆக்கள் வருவினம்."

பஞ்சலிங்கத்தின் மோட்டார் சைக்கிளை மருமகன் கொண்டுபோயிருந்தான். மிஞ்சிக் கிடந்தது அண்ணரின் சைக்கிள்தான். அதில் மணி கிடையாது. அண்ணர் பல வருசங்களுக்கு முன்னரே அதைக் கழற்றிவிட்டார். சந்தைக்குக் குலை கொண்டுபோகிற சைக்கிளுக்கு மணி எதற்கு என்று கேட்டால் சிரிப்பார், வேறொன்றும் சொல்ல மாட்டார். மணியில்லாத சைக்கிளில் கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு தாண்டிப் போவது சும்மா அலுவல் இல்லை. வழியெல்லாம் பஞ்சலிங்கம் வாயாலே "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு போனார். முகக்கவசத்துக்குள் அது ஒருவருக்கும் கேட்கவில்லை. இரண்டு ஆடும் ஒரு ரியூசன் பெட்டையும் மயிரிழையில் தப்பின.

நல்லூரில் கச்சேரி நடக்கிற இடம் ஒரு ரியூசன் கொட்டகை. வாங்குகளைச் சுவரோடு ஒதுக்கிக் கதிரை போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த பலகையில் யாரோ பாதி செய்துவிட்டுப்போன இரசாயனச் சமன்பாடு அழியாமல் கிடந்தது. சைக்கிளை மதிலோடு சாத்தும்போது போன் அடித்தது.

"எங்கை நிக்கிறியள்?" குணலட்சுமி.

"ஐயர் வீட்டிலைதான்."

"ஐயர் இஞ்சை வந்து இருக்கிறார்."

"அதுதான் நானும் பாத்தன், ஆளைக் காணேல்லை. நான் வேறை ஐயரிட்டை வந்தனான்."

"ஏன், இவருக்கு என்ன?"

"இவர் மந்திரம் கெதியாச் சொல்லுறார்."

"சத்தமாக் கதையாதேங்கோ, அவர் பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்," என்று குணலட்சுமி போனை வைத்தாள்.

வாசலில் நின்றவர் பிலிப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர். கச்சேரியை ஒழுங்கு செய்த பிள்ளைகளுக்குப் பெரியவர் என்று ஒருவர் தேவைப்பட, தானாகவே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர். அவருடைய மேலுதட்டில் இரண்டு பேருக்குப் போதுமான மீசை இருந்தது. பஞ்சலிங்கம் அதை ஏக்கத்தோடு பார்த்தார்.

"ஐயாவுக்குக் காய்ச்சலோ?"

"இல்லை. தூசி." முகக்கவசத்துக்குள் வேர்த்து, நூல் தொண்டையில் போய் அரித்தது. இருமினார். அருகில் நின்ற இரண்டு பெண்கள் தள்ளிப் போனார்கள்.

"காய்ச்சலெண்டால் குறை நினையாதேங்கோ, பின்னுக்கு யன்னலடியிலை இருங்கோ."

"எனக்கு முன்னுக்கு இருக்கவேணும்."

"காய்ச்சல்காரரை முன்னுக்கு விடேலாது ஐயா. பிரமுகர்மார் வருவினம்."

முன்னுக்கு இரு என்று அண்ணர் சொன்னது காதில் கேட்டது. பஞ்சலிங்கம் வேறு வழி தெரியாமல் முகக்கவசத்தைக் கழற்றினார். பிலிப்பின் கண் நேரே மேலுதட்டில் போய் நின்றது. குரல் தாழ்ந்தது.

"ஆர் மோசம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப மீசை?"

பஞ்சலிங்கத்தின் மூளை அந்த நேரத்தில் அவருக்குச் செய்த உதவியை அவர் பிறகு பல நாள் யோசித்திருப்பார். "நாங்கள் வேதம்," என்றார்.

"நானும் வேதம்தானே," என்று பிலிப்பு தன் மீசையைத் தடவினார். "எந்தச் சபை?"

"உங்கடை சபைதான்."

"எங்கடை சபையிலை நான் கண்டதில்லையே."

"கடைசி வாங்கிலை இருக்கிறனான்."

"ஓ. பேர்?"

பஞ்சலிங்கம் என்ற பெயருக்குள் லிங்கமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வேதக்காரனாக முடியாது. உரக்கடை முதலாளியின் பெயர் வாயில் வந்தது. "கிருபைரட்ணம்."

பிலிப்பின் முகம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. பஞ்சலிங்கம் பக்கத்துக் கதிரையில் மெல்லச் சாய்ந்து இருந்தபோது "ஸ்தோத்திரம்" என்று தன்னையறியாமல் வாயில் வந்தது. அது அண்ணரின் சொல். வேலை முடிந்து இருக்கும்போதெல்லாம் அப்படிச் சொல்லுவார். எங்கே பொறுக்கினாரோ தெரியாது. றேடியோவில் கேட்டிருப்பார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு சொல்லில் பிலிப்பு கரைந்துபோனார். "நல்லது அண்ணை. நான் ஆரோ துடக்குக்காரர் உள்ளுக்கு வந்திட்டாரோ எண்டு பயந்திட்டன். எங்களுக்கு உந்தத் துடக்கு ஒண்டும் இல்லை. எண்டாலும் வந்திருக்கிற சனத்திலை முக்கால்வாசி சைவம். விளக்கேத்தேக்கை பாக்குமெல்லே. வாங்கோ, நீங்கள் முன்னுக்கு இருங்கோ. பிரமுகர் வரிசை காஞ்சுபோய்க் கிடக்கு."

இப்படித்தான் துடக்குக்காரப் பஞ்சலிங்கம், கையில் செத்தவீட்டு வாழைப்பழத்தோடு, பிரமுகர் வரிசையின் நடுக்கதிரையில் போய் இருந்தார்.

பிரதம விருந்தினர் வரவில்லை. வருகிறார், வருகிறார் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. கொட்டகை நிறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பாட்டு என்று கேள்விப்பட்டால் பந்தியைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பி வருகிற சனம் உண்டு. வந்த பிறகு பாட்டில் பிழை பிடிக்காவிட்டால் அதற்குச் சாப்பாடு செமிக்காது. பின்னால் இணுவிலில் இருந்து வந்த இரண்டு பேர், கிற்றாரைச் சுருதி சேர்க்கும்போதே ராகம் பிடித்துச் சண்டைக்குப் போயிருந்தார்கள். பொடியன்கள் விசிலடித்தார்கள். கடைசியில் பிலிப்பு, "விளக்கைப் பிறகு ஏத்துவம், பிள்ளை இரண்டு பாட்டுப் படிக்கட்டும்" என்றார்.

மதுஷா வந்தாள். படத்தில் கண்டதைவிட மெலிந்த பிள்ளை. மினுக்கம் ஒன்றும் இல்லாத வெள்ளைச் சட்டை. மேடை ஓரத்தில் தாய் நின்றார்; அவரும் வெள்ளைச் சேலை. அவர் பெயர் றோஸ் என்று பிலிப்பு குனிந்து காதில் சொன்னார். "தனியாளா வளத்தவ. பாவம்." வேதக்காரர் பிரார்த்தனைக்குப் போகிறதுபோல வெள்ளையில் வருவார்களாக்கும் என்று பஞ்சலிங்கம் நினைத்துக்கொண்டார்.

றோசின் பார்வை முன்வரிசையில் ஓடி வந்து நீலப் பையில் நின்றது. பிறகு பஞ்சலிங்கத்தின் மேலுதட்டுக்கு வந்தது. பிறகு றோஸ் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பிடிபட்டுவிட்டேன் என்று பஞ்சலிங்கம் நினைத்தார். பையைக் கதிரைக்குக் கீழே காலால் தள்ளினார். தள்ளியதில் பழம் நசிந்து, இதரை வாசம் இன்னும் மோசமாகக் கிளம்பியது. பின்வரிசையில் யாரோ, "ஆரப்பா பழம் தின்னுறது?" என்றார்கள்.

முதல் பாட்டு பட்டினத்துக்கு வருகிற பஸ்ஸைப் பற்றியது. சனம் சிரித்துக் கைதட்டியது. இரண்டாவது பாட்டுக்கு முன்னர் அவள் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

"இது ஒராளுக்காக எழுதினது. அவர் இண்டைக்கு வாறன் எண்டவர். வரேல்லை."

பொடியன்கள் கூவினார்கள். "ஆள் ஆர், ஆள் ஆர்?" என்று ஒருவன் கத்தினான். அவள் சிரிக்கவில்லை.

*மணியடிக்காமல் வாறவரே*
*படலைக்கு வெளியிலை நிக்கிறவரே*
*உள்ளுக்கு வாங்கோ எண்டு கூப்பிட*
*என்ன முறை சொல்லிக் கூப்பிட?*

அண்ணர் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு இதுதான். பம்ப் அறையில் ஒரு காதால் கேட்டபோது பஞ்சலிங்கம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது சனத்தின் நடுவில் இருந்து இரண்டு காதாலும் கேட்டபோது அது ஊருக்குத் தெரியாத ஒரு காதல் என்று விளங்கியது. அவருக்கு முகம் சுட்டது. அப்படியானால் குணலட்சுமி சொன்னது சரிதானா? அந்தக் கிழட்டு மனிதர் இந்தச் சின்னப் பிள்ளையின் காதல் பாட்டைக் கேட்டுக்கொண்டா வாளியில் இருந்தார்?

ஆனால் பாட்டு அவரை வெட்கப்பட விடவில்லை. அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, கேட்டுக் களைத்த குரலில் "என்ன முறை சொல்லிக் கூப்பிட?" என்று மறுபடி மறுபடி கேட்டாள். பக்கத்தில் ஒரு கதிரை காலியாக இருந்தது. அதில் இருக்க வேண்டியவர் சாம்பலாகிவிட்டார். முதுகு வளைந்து, மணியில்லாத சைக்கிளில் குலையைக் கட்டிக்கொண்டு, ஒருவரும் இல்லாமல் வாழ்ந்து முடித்த மனிதர். அவருக்கு இந்த ஒரு பாட்டுத்தான் இருந்தது என்றால் அதையும் பறித்து என்ன செய்கிறது? விசர் என்றால் விசர்தான் என்று பஞ்சலிங்கம் நினைத்தார். கொள்ளி வைத்தபோது வராத அழுகை அப்போது வந்தது. தோள் குலுங்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்.

பிலிப்பு அவருடைய முதுகைத் தட்டினார். "கர்த்தர் உங்கடை மனதிலை கிரியை செய்யிறார் அண்ணை," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

பாட்டு முடிந்ததும் பையைக் கொடுத்து, நல்லாப் படிச்சாய் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ஓடுவதுதான் பஞ்சலிங்கத்தின் திட்டம். கைதட்டு ஓய்வதற்குள் பையோடு எழும்பிவிட்டார். அந்த நேரத்தில் போன் அடித்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் குணலட்சுமி. குரல் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. "மகாதேவி மச்சாள் கனடாவிலையிருந்து மற்றப் போனிலை நிக்கிறா. பேஸ்புக்கிலை நல்லூர்க் கச்சேரி ஒண்டு நேரடியாப் போகுதாம். முன்வரிசையிலை நீங்கள் மூக்குச் சிந்திக்கொண்டு இருந்தியளாம்."

மகாதேவி பஞ்சலிங்கத்தின் தங்கச்சி. அவளுக்குத் தெரிந்தால் கனடா, லண்டன், சுவிஸ் எல்லாவற்றுக்கும் தெரியும். அப்போதுதான் மேடைக்கு முன்னால் முக்காலியில் நின்ற போனை அவர் கண்டார். அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அது நான் இல்லை."

"அப்ப ஆர்?"

ஒலிபெருக்கியில் பிலிப்பு தொண்டையைச் செருமினார். "பிரதம விருந்தினர் தவிர்க்க முடியாத காரணத்தால் சமுகமளிக்கவில்லை. ஆகவே மங்கள விளக்கை ஏற்றி வைக்குமாறு, எமது சபையின் மூத்தவர், பாட்டில் உருகி நிற்கும் கிருபைரட்ணம் ஐயா அவர்களை அன்போடு அழைக்கிறோம்."

"அது கிருபைரட்ணம்," என்றார் பஞ்சலிங்கம்.

குணலட்சுமி மற்றப் போனில் ஏதோ கேட்டாள். திரும்பி வந்தாள். "ஓமாம். கிருபைரட்ணம் எங்கடை நீலப் பையோடை எழும்பி நிண்டு போன் கதைக்கிறாராம். ஐயரும் பாக்கிறார்."

போன் கையில் இருந்து நழுவிக் கதிரையில் விழுந்தது. இரண்டு பொடியன்கள் வந்து அவரை மரியாதையாக, தப்ப முடியாதபடி, இரண்டு பக்கமும் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். சனம் கைதட்டியது.

குத்துவிளக்கு திரி போட்டுத் தயாராக நின்றது. ஒரு பக்கம் மதுஷா. மற்றப் பக்கம் றோஸ், கொளுத்திய மெழுகுதிரியோடு. றோஸ் அதை அவருடைய கையில் கொடுத்தார்.

கொளுத்திவிட்டு இறங்கினால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பழத்தைக் கொடுக்கலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லலாம், சத்தியமும் நிறைவேறிவிடும். பஞ்சலிங்கம் மெழுகுதிரியைத் திரிக்குக் கிட்டக் கொண்டுபோனார். அப்போது மதுஷாவின் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, வாய் ஏதோ சொல்ல வந்து நின்றதுபோல் இருந்தது. முதல் முதலாகச் சனத்துக்கு முன்னால் நிற்கிற பிள்ளை. இந்தப் பிள்ளையின் முதல் விளக்கைச் செத்தவீட்டுக் கையாலே ஏற்றுகிறதா? பிறகு இந்தப் பிள்ளைக்குக் குரல் போனாலும், காய்ச்சல் வந்தாலும், சனம் வராவிட்டாலும் அந்தப் பழி தன்னை விடுமா? அண்ணர் உயிராய் நினைத்த பிள்ளை. கை தானாக நின்றுவிட்டது.

"என்னண்ணை, திரி நனைஞ்சிருக்கோ?" என்று பிலிப்பு கீழேயிருந்து கேட்டார்.

பஞ்சலிங்கம் றோஸ் பக்கம் குனிந்தார். அடி விழுந்தாலும் விழட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் கிருபைரட்ணம் இல்லை. வேதமும் இல்லை. நான் நீர்வேலிப் பஞ்சலிங்கம். என்ரை அண்ணை செத்து இன்னும் முப்பத்தொண்டு முடியேல்லை. எனக்குத் துடக்கு. இதிலை நான் கை வைக்கக் கூடாது."

றோசின் கண் மறுபடி நீலப் பைக்குப் போனது.

"அவருக்கு உங்கடை மகளின்ரை பாட்டெண்டால் உயிர். சாகேக்கையும் அதைத்தான் சொன்னவர். சனம் ஆயிரம் கதைக்கும், நானும் பிழையாத்தான் நினைச்சுப்போட்டன். நீங்கள் அப்படி நினையாதேங்கோ. அவர் நல்ல மனிசன். இந்தப் பழம் அவர் தன்ரை கையாலை வைச்ச வாழையிலை வந்தது. துடக்கு வீட்டுப் பழம், தின்னாட்டிலும் பரவாயில்லை, வாங்கி வைச்சால் போதும். திரியைப் பிடியுங்கோ, நான் இறங்கிறன். நல்ல காரியம் பழுதாப்போயிடும்."

மெழுகுதிரியை நீட்டினார். றோஸ் அதை வாங்கவில்லை. நீலப் பையை மட்டும் அவருடைய கையில் இருந்து எடுத்துத் தன் மார்போடு வைத்துக்கொண்டார். மற்றக் கையால் மகளின் தோளைப் பிடித்து இழுத்து, பஞ்சலிங்கத்துக்குப் பக்கத்தில், விளக்குக்கு நேரே நிறுத்தினார்.

"கொளுத்துங்கோ மச்சான்," என்றார் றோஸ். "உங்களுக்கு அண்ணை செத்த துடக்கெண்டால், இவளுக்குத் தகப்பன் செத்த துடக்கு."